சும்மா கிடக்கிறதா குளம்?

வீட்டில் குளிக்கிறோம். துணி துவைக்கிறோம். பாத்திரம் கழுவுகிறோம். கழிவறையில் தண்ணீர் ஊற்றுகிறோம். இந்தத் தண்ணீர் எல்லாம் எங்கே போகிறது?

சாக்கடைக்குப் போகிறது என்பீர்கள். சரி. அந்தச் சாக்கடை எங்கே போகிறது?

எங்கள் படிப்பு மையத்தில் ஒரு நாள் இரவு இப்படிக் கேட்டேன். ‘எங்கேயோ போகுது தம்பி. நம்ம வாசலில் நிக்காமப் போனால் சரி’ என்றார் ஓர் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கும் அதற்கு மேல் தெரியாது. பிறகு தேடிப் படித்தேன். படித்ததில் கொல்கத்தா நகரத்தின் கதை மனதில் நின்றுவிட்டது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

சாக்கடைக்குப் பின்னால் போனவர்

கொல்கத்தா மேற்கு வங்காளத்தின் தலைநகரம். நகரத்துக்கு மேற்கே ஹூக்ளி ஆறு ஓடுகிறது. அது கங்கையின் ஒரு கிளை. நகரத்துச் சாக்கடை எல்லாம் அந்த ஆற்றில்தான் விழும் என்று நாம் நினைப்போம். ஆனால் அங்கே ஆற்றின் பக்கம் தரை மேடு. கிழக்கே போகப் போகப் பள்ளம். தண்ணீர் பள்ளத்தைத்தானே தேடும்? அதனால் கழிவுநீரில் பெரும்பகுதி கிழக்கே போகிறது.

1980-களின் தொடக்கத்தில் துருபஜோதி கோஷ் என்ற பொறியாளர் மாநில அரசில் வேலை பார்த்தார். நகரத்தின் கழிவுநீர் கடைசியில் என்ன ஆகிறது என்று கண்டறியும் வேலை அவருக்கு வந்தது. மற்ற பெரிய நகரங்களில் கழிவுநீரைச் சுத்தம் செய்யப் பெரிய தொட்டிகளும் எந்திரங்களும் வைப்பார்கள். அதற்குக் கோடிக் கணக்கில் செலவாகும். கொல்கத்தாவிலோ கிழக்கே போகும் தண்ணீருக்கு அப்படி எதுவும் இல்லை. பிறகு எப்படி இந்த நகரம் நாறிப் போகாமல் இருக்கிறது?

கோஷ் சாக்கடைக் கால்வாயின் வழியே கிழக்கே போனார். நகரம் முடிந்தது. அதன் பிறகு குளம் குளமாகத் தண்ணீர். குளத்தில் மீன். நடுநடுவே நெல்வயல், காய்கறித் தோட்டம். அங்கிருந்த மீனவர்கள் சாக்கடைத் தண்ணீரை வாய்க்கால் வெட்டித் தங்கள் குளங்களுக்குள் விட்டுக்கொண்டிருந்தார்கள். கறுப்பாக உள்ளே போன தண்ணீர் சில வாரங்களில் தெளிந்துவிட்டது. மீனும் வளர்ந்தது.

கோஷ் அசந்து போனார். கோடிக் கணக்கில் செலவாகும் வேலையை அதிகம் படிக்காத மீனவர்கள் பல தலைமுறையாகச் செய்து வந்திருக்கிறார்கள். அதை நகரத்தில் யாரும் கவனிக்கவே இல்லை. அதன் பிறகு அவர் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை இந்தக் குளங்களுக்காகச் செலவிட்டார். குளங்களை எல்லாம் குறித்து ஒரு வரைபடம் தயாரித்தார். 1990-ல் ஐக்கிய நாடுகள் சபை அவருக்கு விருது கொடுத்தது. 2018-ல் அவர் காலமானார்.

வரைபடம் என்றேன் அல்லவா? அதை நினைவில் வையுங்கள். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

குளம் எப்படிச் சுத்தம் செய்கிறது?

சாணம் வாசலில் கிடந்தால் அழுக்கு. வயலில் கிடந்தால் எரு. கழிவுநீரும் அப்படித்தான். அதில் பெரும்பங்கு வெறும் தண்ணீர். கொஞ்சம்தான் அழுக்கு.

கொல்கத்தாவில் இந்த மீன்குளங்களுக்குப் ‘பேரி’ என்று பெயர். பேரிகள் ஆழமில்லாதவை. முழங்காலுக்கு மேல், மார்புக்குக் கீழ். அதனால் வெயில் அடிவரை இறங்கும். கழிவுநீர் உள்ளே வந்ததும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று சிதைக்கின்றன. சிதைந்த அழுக்கு எருவாகிறது. அந்த எருவையும் வெயிலையும் வைத்துப் பாசி வளர்கிறது. பாசி வளரும்போது பிராணவாயுவை வெளிவிடும். அந்தப் பிராணவாயு நுண்ணுயிர்களுக்கு வேண்டும், மீனுக்கும் வேண்டும். பாசி அளவுக்கு மீறினால் தண்ணீர் கெட்டுவிடும். ஆனால் பாசியை மீன் தின்றுவிடுகிறது. நோய்க்கிருமிகளில் பெரும்பாலானவை வெயிலில் அழிகின்றன.

இதெல்லாம் தானாக நடப்பதில்லை. குளிர்காலத்தில் மீனவர்கள் குளத்தை வற்ற வைக்கிறார்கள். சேற்றை வெட்டிக் கரையில் போடுகிறார்கள். தரையை வெயிலில் காய விடுகிறார்கள். பிறகு கழிவுநீரை விட்டுச் சில வாரம் காத்திருக்கிறார்கள். தண்ணீர் பச்சை நிறத்துக்கு வந்த பிறகுதான் மீன்குஞ்சு விடுகிறார்கள். ரோகு, கட்லா, மிர்கால், திலேப்பியா. கரையோரம் ஆகாயத்தாமரையை வேலி போல வளர்க்கிறார்கள். அலை அடித்துக் கரை கரையாமல் அது காக்கும். நம் ஊரில் ஆகாயத்தாமரை என்றாலே பிடுங்கி எறிகிறோம். அவர்கள் அதற்கும் ஒரு வேலை கொடுத்துவிட்டார்கள்!

எவ்வளவு கழிவுநீர் தெரியுமா? ஒரு நாளைக்கு 75 கோடி லிட்டருக்குக் குறையாமல் நகரத்திலிருந்து இங்கே வருகிறது. எவ்வளவு மீன்? ஆண்டுக்கு 10,000 டன்னுக்கு மேல். காய்கறி நாள் ஒன்றுக்குச் சுமார் 150 டன். மொத்தப் பரப்பு 12,500 ஹெக்டேர். ஏக்கர் கணக்கில் 30,000-க்கு மேல். அதில் ஏறக்குறைய பாதி குளம். இதற்குக் கிழக்குக் கொல்கத்தா ஈரநிலம் என்று பெயர். ஈரநிலம் என்றால் ஆண்டில் பல மாதம் தண்ணீர் நிற்கும் நிலம். ஏரி, குட்டை, சதுப்பு, கழிவெளி எல்லாம் ஈரநிலமே.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வீட்டுக் கழிவை இந்தக் குளங்கள் சமாளிக்கும். தோல் தொழிற்சாலைச் சாயத்தையும் உலோக நஞ்சையும் சமாளிக்க முடியாது. நகரத்துத் தோல் ஆலைகளை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லி 1996-ல் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது.

இன்னொரு வேலையும் இந்த நிலம் செய்கிறது. பெருமழை வந்தால் நகரத்துத் தண்ணீர் கிழக்கேதான் ஓடும். தாங்கிக்கொள்ளப் பள்ளம் வேண்டும் அல்லவா?

ஆறு செத்தது, குளம் பிழைத்தது

இந்தப் பகுதியில் ஒரு காலத்தில் வித்யாதரி என்ற ஆறு ஓடியது. கடல் ஏற்றத்தின்போது உப்புத் தண்ணீர் அதன் வழியே உள்ளே வரும். அங்கே இருந்தவை உப்பு ஏரிகள். அந்த ஆற்றில் வண்டல் படிந்துகொண்டே வந்தது. 1920-களின் கடைசியில் ஆறு செத்துப்போனது. உப்புத் தண்ணீர் நின்றது. மீனவர்கள் தவித்தார்கள். 1930 வாக்கில் சாக்கடைத் தண்ணீரைக் குளத்தில் விட்டுப் பார்த்தார்கள். மீன் வளர்ந்தது. ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்தார்கள். பிறகு 1940-களில் நீண்ட கால்வாய்களை வெட்டினார்கள். கழிவுநீரும் மழைநீரும் கிழக்கே குல்டி ஆறு வரை போக வழி பிறந்தது. வழியில் உள்ள குளங்கள் எல்லாம் அந்தத் தண்ணீரை வாங்கிக்கொண்டன.

ஆறு ஏன் செத்தது? வண்டல். அதாவது மண். மண் விழுந்தால் ஓடும் தண்ணீரும் சாகும். இது ஓர் ஆறு. நம் ஊர் ஓடை எம்மாத்திரம்?

குளத்தின் மேல் நகரம்

1947-ல் நாடு பிரிந்தது. கிழக்கு வங்காளத்திலிருந்து லட்சக் கணக்கான அகதிகள் கொல்கத்தாவுக்கு வந்தார்கள். நகரத்தில் கால் வைக்க இடமில்லை. புதிய ஊர் ஒன்று வேண்டும் என்று முதலமைச்சர் பிதான் சந்திர ராய் திட்டமிட்டார். உப்பு ஏரியின் வடக்குப் பகுதியைத் தேர்ந்தெடுத்தார்கள். 1962-ல் வேலை தொடங்கியது. யுகோஸ்லாவியா நாட்டு நிறுவனம் ஒன்று வேலையை எடுத்தது. ஹூக்ளி ஆற்று மணலைத் தண்ணீரோடு கலந்து பெரிய குழாய்களில் ஏரிக்குக் கொண்டுவந்து கொட்டினார்கள். தண்ணீர் வடிந்தது. மணல் தங்கியது. அதன் மேல் ஊர் எழுந்தது. அதுதான் சால்ட் லேக். பிதான்நகர் என்றும் சொல்வார்கள்.

மக்களுக்கு வீடு வேண்டியிருந்தது. அதை மறுக்க முடியாது. ஆனால் அங்கே இருந்த மீன்குளங்கள் போயின. அந்தக் குளங்களில் வேலை செய்தவர்களின் பிழைப்பும் போனது. அத்தோடு நிற்கவில்லை. ஓர் இடத்தை நிரப்பியதும் அடுத்த இடத்தின் மேல் கண் விழுந்தது. நகரம் கிழக்கே நகர்ந்துகொண்டே வந்தது.

1990-களின் தொடக்கத்தில் ஈரநிலத்தில் உலக வர்த்தக மையம் ஒன்று கட்ட அரசு நினைத்தது. ‘பப்ளிக்’ என்ற குடிமக்கள் அமைப்பு கல்கத்தா உயர்நீதிமன்றத்துக்குப் போனது. அப்போது நகரத்தின் பெயர் கல்கத்தா. 2001-ல்தான் கொல்கத்தா ஆனது. வழக்கில் முக்கியமான கேள்வி இது: எது ஈரநிலம், எது வெறும் நிலம்? இங்கேதான் வரைபடம் கைகொடுத்தது. 1980-களில் குறித்து வைத்த எல்லை இருந்தது. 1992 செப்டம்பர் 24-ல் நீதிபதி உமேஷ் சந்திர பானர்ஜி தீர்ப்புச் சொன்னார். ஈரநிலத்தை நிரப்பக் கூடாது, வேறு உபயோகத்துக்கு மாற்றக் கூடாது என்றார்.

2002-ல் இந்த ஈரநிலம் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ராம்சர் என்பது ஈரான் நாட்டில் ஓர் ஊர். 1971-ல் பல நாடுகள் அங்கே கூடி ஈரநிலங்களைக் காக்க ஒப்பந்தம் செய்தன. 2006-ல் கிழக்குக் கொல்கத்தா ஈரநிலத்துக்கென்றே மாநில அரசு தனிச் சட்டம் போட்டது.

சின்னக் குளங்களுக்கும் அங்கே சட்டம் உண்டு. 5 கட்டா அளவோ அதற்கு மேலோ உள்ள எந்தக் குளத்தையும் மூடக் கூடாது என்று 1993-ல் மீன்வளச் சட்டத்தில் சேர்த்தார்கள். 5 கட்டா என்றால் நம் கணக்கில் சுமார் 8 சென்ட். அதாவது ஒரு வீட்டு மனையைவிடச் சற்றுப் பெரிய குட்டை. சொந்தக் குளமாக இருந்தாலும் மூட முடியாது. எனக்கு இந்தச் சட்டம் மிகவும் பிடித்திருக்கிறது.

இவ்வளவு சட்டம் இருக்கிறதே, குளம் எல்லாம் பிழைத்துவிட்டதா? இல்லை. முதலில் தண்ணீர் வரும் வாய்க்காலை அடைப்பார்கள். குளம் வற்றும். ராத்திரியில் ஒரு லாரி கட்டட இடிபாடு ஒரு மூலையில் விழும். மறுவாரம் இன்னொரு லாரி. பிறகு ஒரு கொட்டகை. பிறகு ‘இங்கே குளமே இல்லையே’ என்பார்கள். நம் ஊரிலும் இப்படித்தானே நடக்கிறது?

2024 மார்ச் 17 நள்ளிரவில் கொல்கத்தாவின் கார்டன் ரீச் பகுதியில், கட்டிக்கொண்டிருந்த ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று இடிந்தது. பக்கத்தில் இருந்த குடிசைகள் மேல் விழுந்தது. பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். அனுமதி இல்லாமல் கட்டிய கட்டடம். குளத்தை மூடிய இடத்தில் கட்டியது என்று செய்தித்தாள்கள் எழுதின. மூடிய குளத்தின் மண் இறுகப் பல ஆண்டுகள் ஆகும். அடியில் சேறு இருக்கும். மேலே பாரம் ஏறினால் ஒரு பக்கம் அமுங்கும். கட்டியவர் வேறு, விற்றவர் வேறு. செத்தவர்களில் பலர் பக்கத்துக் குடிசைகளில் இருந்தவர்கள்.

சித்தாள் அக்கா கேட்ட கேள்வி

இதை மையத்தில் படித்துக் காட்டியபோது ஓர் அக்கா பேசாமல் இருந்தார். அவர் சித்தாள் வேலைக்குப் போகிறவர். கடைசியில் கேட்டார்: ‘கல்லும் மண்ணும் ஏரியில கொட்டினது என் கைதான் தம்பி. மேஸ்திரி கொட்டச் சொன்னாரு. மாட்டேன்னா மறுநாள் வேலை கிடையாது. நான் என்ன செய்ய?’

எனக்குப் பதில் வரவில்லை. கூலிக்கு வேலை செய்பவர் மேல் பழி போடுவது நியாயம் இல்லை. சட்டத்திலும் இடிபாட்டை ஒழுங்காக அப்புறப்படுத்தும் பொறுப்பு கட்டடம் கட்டுகிறவருக்குத்தான். கட்டட இடிபாடுகளுக்கென்று மத்திய அரசு 2016-ல் தனி விதியே கொண்டுவந்தது. 2017-ல் வந்த ஈரநில விதியும் ஈரநிலத்தில் குப்பை கொட்டுவதைத் தடை செய்கிறது. ‘கொட்டினால் முதலாளிக்குத்தான் வழக்கு வரும்’ என்று மேஸ்திரியிடம் சொல்லலாம். சில சமயம் அதுவே போதும். எல்லாச் சமயமும் போதாது.

ஆனால் கட்டட வேலையில் ஓடையையும் குளத்தையும் கெடுப்பது இடிபாடு மட்டுமா? இல்லை. சின்னச் சின்ன வேலைகள் பல உண்டு. அவை வேலை செய்கிறவர் கையில் இருக்கின்றன. காசும் அதிகம் ஆகாது. எங்கள் மையத்தில் ஒரு கொத்தனார் அண்ணன் இருக்கிறார். அவரும் சித்தாள் அக்காவும் சேர்ந்து சொன்னதை இதில் கலந்து எழுதுகிறேன்.

முதலில் மண். அஸ்திவாரம் தோண்டிய மண்ணைக் குவித்து வைப்பார்கள். ஒரு மழை பெய்தால் போதும். மண் கரைந்து செங்கலங்கலாக ஓடைக்குப் போகும். கலங்கிய தண்ணீரில் வெயில் இறங்காது. பாசி வளராது. மீனின் செவுளில் மண் அடைக்கும். ஓடையின் அடி மேடாகும். அடுத்த மழைக்குத் தண்ணீர் தெருவுக்கு வரும். அதனால் மண்ணை ஓடைக்கு எதிர்ப்பக்கம் குவிக்க வேண்டும். தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். சரிவின் கீழே பழைய சிமென்ட் சாக்கில் மணல் நிரப்பி வரிசையாக அடுக்கலாம். ஆழத் தோண்டும் வேலையை மழைக்காலத்துக்கு முன்பே முடித்தால் பாதிக் கவலை தீரும்.

கரையோரப் புல்லையும் புதரையும் வேலை தொடங்கும் முன்பே வெட்டிச் சுத்தம் செய்வது நம் பழக்கம். அது தவறு. புல்தான் மண்ணைப் பிடித்து நிறுத்தும் சல்லடை. வீடு கட்டி முடியும் வரையாவது அதைத் தொடாதீர்கள். முடிந்த பிறகும் விட்டுவைத்தால் நல்லது.

அடுத்தது சிமென்ட் தண்ணீர். சிமென்ட் வேலை செய்பவர்களின் விரல் இடுக்கைப் பாருங்கள். வெந்து புண்ணாகி இருக்கும். சிமென்டில் உள்ள காரம் அப்படி. நம் தோலையே வேக வைக்கும் தண்ணீர் மீனின் செவுளை விட்டுவைக்குமா? ஆனால் மாலையில் சட்டி, கரண்டி, மண்வெட்டி எல்லாம் எங்கே கழுவுகிறோம்? வசதியாகக் குளத்துப் படியில்! கலவை எந்திரத்தைக் கழுவிய தண்ணீரும் ஓடைக்கே போகிறது. மனையின் ஒரு மூலையில் இடுப்பளவுக் குழி தோண்டுங்கள். கழுவும் தண்ணீர் எல்லாம் அதில் விழட்டும். சிமென்ட் அடியில் படிந்து இறுகிவிடும். பிறகு அதை உடைத்துத் தரைக்கு அடியில் நிரப்பலாம். குழந்தைகள் விழாமல் குழியைச் சுற்றிக் கயிறு கட்ட மறக்காதீர்கள்.

பெயிண்ட், டீசல், பழைய எண்ணெய் இவற்றை ஓடையை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும். இதை விளக்கத் தேவையில்லை.

வேலையாட்களுக்குக் கழிவறை. இதை யாரும் யோசிப்பதில்லை. பெரிய கட்டடம் என்றால் மாதக் கணக்கில் ஐம்பது பேர் அங்கேயே தங்குவார்கள். கழிவறை இல்லை என்றால் ஓடைக்கரைதான். பெண்கள் பாடு இன்னும் மோசம். ஓடையைக் காக்கிற பேச்சில் முதல் கோரிக்கையாகக் கழிவறையைக் கேட்கலாம் என்றார் சித்தாள் அக்கா. நான் இதை யோசித்திருக்கவில்லை.

பிறகு பாலம். வீட்டுக்கு வழி போட ஓடையின் குறுக்கே குழாய் வைத்து மண் மூடுவார்கள். கோடையில் பார்த்தால் ஓடையில் கொஞ்சம்தான் தண்ணீர் இருக்கும். அதைப் பார்த்துச் சின்னக் குழாய் வைத்துவிடுகிறோம். ஓடையின் அகலத்தை ஐப்பசியில் பார்க்க வேண்டும், சித்திரையில் பார்க்கக் கூடாது என்கிறார் கொத்தனார் அண்ணன். அந்த ஒரு குழாயில் குப்பை அடைத்தால் மேலே உள்ள தெரு முழுவதும் மூழ்கும்.

மனை வாங்கும் முன்

கொல்கத்தாவுக்கு ஒரு கிழக்கு ஈரநிலம் போல, சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணை உண்டு. 1960-களில் அது 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்தது. பிறகு சாலை வந்தது. குப்பை மேடு வந்தது. அடுக்குமாடிகளும் அலுவலகங்களும் வந்தன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அதைச் சுற்றியுள்ள பகுதிகள் எப்படி மூழ்கின என்று நமக்குத் தெரியும். 2022-ல் மிச்சம் இருந்ததில் சுமார் 1,248 ஹெக்டேர் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

அங்கே மூழ்கிய வீடுகளில் பல கடன் வாங்கிக் கட்டியவை. சிறுகச் சிறுகச் சேர்த்து மனை வாங்கியவர்களும் உண்டு. மனை மலிவாகக் கிடைக்கிறது என்றால் ஏன் மலிவு என்று கேளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேடு இருக்கும். ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று அதில் எழுதியிருக்கும். புலப்படத்தில் வாய்க்கால் எங்கே போகிறது என்று கோடு போட்டிருக்கும். இணையத்திலும் இவற்றைப் பார்க்கலாம். விற்பவர் சொல்வதை மட்டும் கேட்காதீர்கள். நீங்களே எழுத்துக் கூட்டிப் படியுங்கள். ஏரி. குட்டை. ஓடை. வாய்க்கால். கழிவெளி. நீர்நிலைப் புறம்போக்கு. இந்தச் சொற்களில் ஒன்று அங்கே இருந்தால் பணம் கொடுக்காதீர்கள்.

போன மாதம் எங்கள் பகுதியின் புலப்படத்தைப் பெரிதாக நகல் எடுத்து மையத்தில் சுவரில் ஒட்டினோம். ‘எங்கேயோ போகுது தம்பி’ என்று சொன்ன அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் போனார். விரலை வைத்து ஒரு கோட்டின் மேலேயே நகர்ந்தார். அதில் எழுதியிருந்ததை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். வா. ய். க். கா. ல். பிறகு விரலை எடுக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

‘தம்பி, இந்த இடத்தில் இப்போ கல்யாண மண்டபம்ல இருக்கு?’ என்றார்.